பழைய பத்திரிகை ஃபைல் புதிய விண்டோஸில் திறக்குமா?

ஆவணி முகூர்த்தங்கள் வரிசைகட்டும்போது கம்பம், சின்னமனூர் பக்கத்து டிடிபி கடைகளில் கல்யாணப் பத்திரிகையை முதலிலிருந்து அடித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. போன வருடத்து ஃபைலைத் திறந்து பெயர், நாள், மண்டபம் மூன்றையும் மாற்றினால் வேலை முடிந்தது. கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்து விண்டோஸ் 11 ஏற்றியபின் அதே ஃபைலைத் திறந்து பாருங்கள். 'தேனி' இருந்த இடத்தில் என், ஜே, டி, பி என்று நான்கு ஆங்கில எழுத்துகள் நிற்கும். ஃபைல் கெட்டுவிட்டதென்று பதறி அழித்துவிடாதீர்கள். ஒன்றும் கெடவில்லை.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தது தமிழாகப் பதிவாவதே இல்லை. உள்ளே இருப்பவை அந்த ஆங்கில எழுத்துகள்தான். 'ஜே' வந்தால் 'த' என்று திரையில் வரைந்து காட்டியது எழுத்துரு. ஃபார்மட்டில் எழுத்துருவும் போய்விட்டதால் உள்ளே இருந்தது அப்படியே தெரிகிறது. அதே எழுத்துருவை மறுபடி நிறுவினால் தேனி தேனியாகவே வந்துவிடும். ஆகவே ஃபார்மட்டுக்கு முன், சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரைப் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். ஃபார்மட் செய்யாமல் விண்டோஸ் 10-இன் மேலேயே அப்கிரேடு செய்தால் இந்தத் தொல்லை இல்லை.

பாமினி போலன்றி, யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறையில் 'த'வுக்கென்று தனி எண் உண்டு. எந்தக் கம்ப்யூட்டரிலும் அது 'த'தான். தமிழக அரசு 2010 ஜூனிலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் கடைகள் மாறாததற்குக் காரணம் சோம்பல் அல்ல. கடைக்காரர்களுக்குக் கைப்பழக்கமான பேஜ்மேக்கர் மென்பொருளுக்கு யூனிகோடு தெரியாது. தட்டச்சு படித்த விரல்கள் வேறு விசைப்பலகைக்கு எளிதில் வளைவதும் இல்லை. விரல் பிரச்சினைக்கு வழி உண்டு: என்எச்எம் ரைட்டர் என்ற இலவச மென்பொருளில் பழைய தட்டச்சு முறையிலும் பாமினி முறையிலும் அடிக்கலாம், பதிவாவது யூனிகோடு.

இத்தனை தொல்லையோடு ஏன் மாற வேண்டும்? விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. கம்ப்யூட்டர் ஓடும், பாதுகாப்பு ஓட்டைகள்தான் அடைபடாது. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸரும் வேண்டும். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த முதல் லேப்டாப்கள் இதில் தேறாது. அவற்றில் விண்டோஸுடன் மத்திய அரசு நிறுவனமான சிடாக்கின் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. தமிழ் தட்டச்சுக்கும் இணையத்துக்கும் லினக்ஸ் இன்றைக்கும் போதும்.

மற்ற மாற்றங்கள் இரண்டு நாளில் பழகிவிடும். நடுவில் வந்துவிட்ட ஸ்டார்ட் பொத்தானை டாஸ்க்பார் செட்டிங்கில் இடப்பக்கம் நகர்த்தலாம். ரைட் கிளிக்கில் பழைய பட்டியல் வேண்டுமென்றால் ஷிஃப்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்துங்கள்.

ஃபைல்களைச் சரிபார்க்கத்தான் நாள் பிடிக்கும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. கடைக் கம்ப்யூட்டரை அந்த மாதங்களில் மாற்றுங்கள். ஒரு மாதத்துக்குப் பழையதையும் ஓரமாக ஓடவிடுங்கள்.