விண்டோஸுக்குள் ஒரு லினக்ஸ்: கோளாறைச் சலித்துப் பார்க்கும் முறை

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஸ்டோருக்குள் போனால் சல்லடைகளைப் பார்க்கலாம். மலையிலிருந்து இறங்கிய காய் ஒரே குவியலாகக் கிடக்கும். 8 மி.மீ. கண் சல்லடையில் தங்குவது ஒரு ரகம், கீழே விழுவது அடுத்த ரகம். அதன்பிறகு பெண்கள் உட்கார்ந்து வெடித்தது, நிறம் மங்கியது, பூச்சி விழுந்தது என்று கையால் பொறுக்குவார்கள். குவியலை ஒரு பார்வை பார்த்துவிட்டு "சரக்கு மோசம்" என்று மொத்தத்தையும் அள்ளிக் கொட்டுகிறவர் யாரும் இல்லை. கம்ப்யூட்டர் மக்கர் செய்யும்போது மட்டும் நாம் அப்படித்தான் கொட்டுகிறோம்: அழி, மறுபடி நிறுவு.

என் அக்கா மகள் இயற்பியல் படிக்கிறாள். போடி மேற்கு மலையில், பொட்டிப்புரம் பக்கம், நியூட்ரினோ ஆய்வகம் வரப்போகிறது என்ற பேச்சைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டம் அது. மலைக்குள் 50,000 டன் காந்தமேற்றிய இரும்பை அடுக்கி வைப்பதாக இருந்தது. மலையைக் குடையக் கூடாது என்ற எதிர்ப்பு வலுத்தது, வழக்குகள் நடந்தன, சுரங்க வேலை தொடங்கவில்லை. 85 டன்னில் அதன் சிறு மாதிரி ஒன்றை மட்டும் மதுரையில் நிறுவினார்கள்.

இவ்வளவு பெரிய கருவியை நேரடியாகக் கட்டிவிட மாட்டார்கள். முதலில் கம்ப்யூட்டருக்குள் கட்டிப் பார்ப்பார்கள். ஒரு துகள் இரும்புக்குள் நுழைந்தால் எப்படி வளையும், எங்கே நிற்கும் என்று கணக்கிட ஜியன்ட்4 என்ற மென்பொருளும், வரும் தரவை அலச ரூட் என்ற மென்பொருளும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கின்றன. பொட்டிப்புரம் கருவிக்கான ஆய்வுகளிலும் இவைதான் பயன்பட்டன. இரண்டும் இலவசம். ஆனால் இந்தத் துறையில் இருப்பவர்கள் பெரும்பாலும் லினக்ஸில் வேலை செய்கிறவர்கள். பாடக் குறிப்புகளும் உதாரணங்களும் அதை நம்பியே எழுதப்பட்டிருக்கும். அவளிடம் இருந்ததோ 4 ஜிபி நினைவகம் கொண்ட ஒரு விண்டோஸ் லேப்டாப்.

விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்ட வழி இருக்கிறது. அது எப்படி நடக்கிறது என்று புரிய, நம்மூர் ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். மதுரைக்கு அகலப் பாதை வந்த பிறகும் மதுரை–போடி 90 கிலோமீட்டர் மீட்டர் கேஜாகவே கிடந்தது. ஒன்றின் அகலம் 1,676 மி.மீ., மற்றதன் அகலம் 1,000 மி.மீ. அந்த ரயில் இந்தத் தண்டவாளத்தில் ஏறாது. லினக்ஸ் நிரலும் விண்டோஸும் இதே நிலையில்தான் இருக்கின்றன. கோப்பைத் திற, நினைவகம் கொடு என்று கேட்கும் முறையே இரண்டிலும் வேறு வேறு.

இதற்கு மூன்று தீர்வுகள் வந்தன. 1995-இல் சிக்னஸ் நிறுவனத்தில் தொடங்கிய சிக்வின், பெட்டிகளின் சக்கரத்தையே மாற்றியது. ஒவ்வொரு நிரலையும் விண்டோஸுக்காக மறுபடி தொகுத்து, நடுவில் ஒரு பொது நூலகக் கோப்பை வைத்தது. அந்தக் கோப்பின் இரண்டு வேறு பதிப்புகள் ஒரே கணினியில் கலந்து ஓடினால் தகராறு வருவதுண்டு. 2016-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த டபிள்யூஎஸ்எல் முதல் பதிப்பு, மதுரை ஜங்ஷனில் இறங்கி வண்டி மாறுவதைப் போன்றது. லினக்ஸ் நிரல் கேட்பதை அப்போதைக்கப்போது விண்டோஸ் பேச்சுக்கு மாற்றித் தந்தது. 2019-இல் அறிவித்த இரண்டாம் பதிப்பில் பாதையையே போட்டுவிட்டார்கள். அசல் லினக்ஸ் கருநிரல் (கர்னல்) ஒரு சிறு மெய்நிகர் கணினிக்குள் ஓடுகிறது. போடிக்கு அகலப் பாதையில் பயணிகள் ரயில் வந்தது 2023 ஜூன் 15-இல். 2010 இறுதியில் நின்றுபோன வண்டிக்குப் பன்னிரண்டு வருடத்துக்கும் மேல் காத்திருந்தோம். மென்பொருளில் அந்த வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது.

"மாமா, மூணாவது தடவையும் செத்துப்போச்சு" என்றாள், இந்த இரண்டாம் பதிப்பை நிறுவியிருந்த அக்கா மகள். ஜியன்ட்4-ஐ மூல நிரலிலிருந்து தொகுக்கும்போது பாதியில் நின்று, திரையில் "கில்டு" என்ற ஒரே ஒரு சொல் வந்திருக்கிறது. மூன்று முறையும் லினக்ஸை அழித்து, செல்போன் டேட்டாவில் இறக்கி, மறுபடி நிறுவியிருக்கிறாள். மலைப்பக்கம் சிக்னல் கிடைக்கும் அழகுக்கு, ஒவ்வொரு முறையும் ஒரு நாள் போயிருக்கிறது.

முதல் சல்லடை இதுதான்: கோளாறு விண்டோஸில் இருக்கிறதா, இரண்டையும் இணைக்கும் நடுப்பாலத்தில் இருக்கிறதா, லினக்ஸுக்குள் இருக்கிறதா? லினக்ஸுக்குக் கட்டளை தட்டும் கறுப்பு ஜன்னலே திறக்காமல் மெய்நிகராக்கம் பற்றி ஏதாவது சொன்னால், லேப்டாப்பின் பயோஸ் அமைப்பில் அது அணைந்து கிடக்கும். லினக்ஸை அழித்துப் பயனில்லை. ஜன்னல் திறந்து, இணையம் மட்டும் வராவிட்டால், ஒரு தளத்தை முதலில் எண் முகவரியாலும் பிறகு பெயராலும் கூப்பிட்டுப் பாருங்கள். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால், பெயரை எண்ணாக்கும் ஏற்பாடுதான் அறுந்திருக்கிறது. அது பாலத்தின் கோளாறு. பவர்ஷெல்லில் டபிள்யூஎஸ்எல் கட்டளையோடு இரண்டு சிறுகோடும் ஷட்டவுன் என்ற சொல்லும் சேர்த்துத் தட்டி, லினக்ஸை முழுக்க நிறுத்தித் திறந்தால் பல நேரம் சரியாகிவிடும். லேப்டாப் தூங்கி எழுந்தபின் லினக்ஸின் கடிகாரம் பின்தங்கி, "சான்றிதழ் செல்லாது" என்று தளங்கள் மறுப்பதற்கும் இதே மருந்து.

அவள் விஷயத்தில் ஜன்னல் திறந்தது, இணையம் வந்தது. ஆக, கோளாறு லினக்ஸுக்குள். கருநிரல் தன் நாட்குறிப்பை விடாமல் எழுதிக்கொண்டே இருக்கும். டி, எம், ஈ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்துக் கட்டளை அதைக் காட்டும். கடைசி வரிகளில் தெளிவாக இருந்தது: நினைவகம் தீர்ந்துவிட்டது, அதிகம் தின்ற தொகுப்பானைக் கருநிரலே கொன்றுவிட்டது. நாமாக மாற்றாவிட்டால், டபிள்யூஎஸ்எல் இரண்டாம் பதிப்பு கணினியின் நினைவகத்தில் பாதியைத்தான் லினக்ஸுக்கு ஒதுக்கும். 4 ஜிபியில் பாதி 2 ஜிபி. அதற்குள் நான்கு கோப்புகளை ஒரே நேரத்தில் தொகுக்கச் சொல்லியிருந்தாள். பாடக் குறிப்பில் அப்படி இருந்ததாம். ஒவ்வொன்றாகத் தொகுக்கச் சொல்லி, மாற்று நினைவகத்தை அமைப்புக் கோப்பில் கூட்டினோம். இரவெல்லாம் ஓடியது. விடிந்தபோது முடிந்திருந்தது.

முடிந்ததும் அடுத்தது வந்தது. விண்டோஸில் எழுதி லினக்ஸுக்கு அனுப்பிய சிறு ஸ்கிரிப்ட், கட்டளையே தெரியாது என்று மறுத்தது. பிழைச் செய்தியின் ஓரத்தில் ஒரு கூரைக் குறியும் எம் எழுத்தும். இதன் வேர் தட்டச்சுப் பொறியில் இருக்கிறது. இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் படித்தவர்களுக்குத் தெரியும்: வரி முடிந்தால் இரண்டு காரியம் நடக்க வேண்டும், வண்டி வரியின் தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும், தாள் ஒரு வரி ஏற வேண்டும். தொலை அச்சுப்பொறிகள் இந்த இரண்டுக்கும் இரண்டு குறிகள் வைத்தன. விண்டோஸ் இன்றும் இரண்டையும் எழுதுகிறது. யூனிக்ஸ் வழி வந்தவை ஒன்றே போதும் என்று விட்டுவிட்டன. அந்த மிச்சக் குறியைத்தான் லினக்ஸ், கட்டளையின் ஒரு பகுதி என்று படித்துத் தடுமாறுகிறது. டாஸ்டூயூனிக்ஸ் என்ற குட்டி நிரல் அதை ஒரு நொடியில் பொறுக்கிவிடும்.

மூன்றாவது கோளாறு நம் ஊர்க்காரர்களுக்கே உரியது. விண்டோஸில் பயனர் பெயர் கேட்டால் நாம் இனிஷியல், ஒரு இடைவெளி, பெயர் என்று போடுவோம். விண்டோஸ் அதே பெயரில் கோப்புறை அமைக்கும். லினக்ஸ் கட்டளைக்கோ இடைவெளி என்றால் ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று பொருள். கோப்புறைப் பெயர் இரண்டு துண்டாகி, "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்ற பதில் வரும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து விஷயமும் அப்படியே. விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு. அந்தப் பேதமே இல்லாத எழுத்தில் படித்து வளர்ந்த நமக்கு இது கண்ணில் படுவதே இல்லை.

இடைவெளித் தொல்லையைத் தாண்டவும் வேகம் கிடைக்கவும் ஒரு நல்ல வழி இருக்கிறது. வேலைக் கோப்புகளை விண்டோஸின் சி டிரைவில் வைக்காமல், லினக்ஸின் சொந்த வீட்டுக் கோப்புறையில் வையுங்கள். இரண்டாம் பதிப்பில் சி டிரைவைத் தொடும் ஒவ்வொரு முறையும் நடுப்பாலத்தைக் கடந்து போய் வர வேண்டும். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் திறக்கும் தொகுப்பு வேலையில் அந்தத் தாமதம் நன்றாகவே தெரியும்.

இப்போது அவள் லேப்டாப்பில் ஒரு குட்டி இரும்பு அடுக்கு இருக்கிறது. அதற்குள் மியூயான் என்ற துகள் ஒன்றை விட்டு, வளைந்து போகும் கோட்டை எனக்குக் காட்டினாள். எனக்கு அது பொட்டிப்புரத்தைப் பார்த்தது போலவே இருந்தது.

அழித்து நிறுவத்தான் வேண்டும் என்று முடிவெடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். டபிள்யூஎஸ்எல் கட்டளையோடு அன்ரெஜிஸ்டர் என்று கொடுத்தால், உள்ளே நீங்கள் எழுதிய அத்தனையும் அந்த நொடியே போய்விடும். ரீசைக்கிள் பின்னில் தேடினாலும் கிடைக்காது. அதற்கு முன் எக்ஸ்போர்ட் என்ற கட்டளையால் முழு லினக்ஸையும் ஒரே கோப்பாக ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். பிழைச் செய்தியை ஒரு எழுத்து விடாமல் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.