பழைய கேமரா, புதிய மென்பொருள்: தோட்டத்துப் பாட்டியின் பேச்சைப் பதிவு செய்ய எது தேவை?

சுங்கை பாக்காப் – தோட்டத்தில் பால்மரம் சீவிய தம் பாட்டியின் பேச்சைக் காணொளியாகப் பதிவு செய்ய வேண்டும் என்று இங்குள்ள ஓர் இளைஞர் அண்மையில் கேட்டார். பாட்டிக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. லயம் இருந்த இடத்தில் இன்று செம்பனைதான் நிற்கிறது. பேரன் கையில் இருப்பது யாரோ பயன்படுத்தி விற்ற ஒரு கெனான் ஈஓஎஸ் எம் கேமரா. "இதில் மேஜிக் லாண்டர்ன் போட்டால் சினிமா மாதிரி வருமாமே, போடலாமா?" என்பது அவர் கேள்வி.

நம் வட்டாரத்தில் இந்தக் கேள்வி பலருக்கும் இருப்பதால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

ஈஓஎஸ் எம் என்பது கெனான் 2012-இல் வெளியிட்ட முதல் மிரர்லெஸ் கேமரா. உள்ளே கண்ணாடி இல்லாததால் உடல் சிறியது. ஆனால் 18 மெகாபிக்சல் சென்சார், அக்காலத்தின் பெரிய கெனான் கேமராக்களில் இருந்த அதே அளவு. குவியம் மெதுவாகப் பிடிக்கிறது என்ற புகாரால் விற்பனை சரிந்தது. அமெரிக்காவில் 22 மி.மீ. லென்சுடன் 799 டாலருக்கு வந்தது, மறு ஆண்டே 299 டாலருக்கு இறங்கியது. இன்று மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் அதுதான், தரம் மோசம் என்பதல்ல.

மேஜிக் லாண்டர்ன் கெனான் செய்ததல்ல. 2009-இல் டிராமெல் ஹட்சன் என்பவர் தம் 5டி மார்க் 2 கேமராவில் ஒலி அளவைத் திரையில் பார்க்க வசதி இல்லையே என்று எழுதத் தொடங்கிய இலவச மென்பொருள் இது. பிறகு உலகெங்கும் ஆர்வலர்கள் சேர்ந்து வளர்த்தார்கள். கேமராவின் சொந்த மென்பொருளை இது அழிப்பதில்லை. மெமரி கார்டில் உட்கார்ந்துகொண்டு, கேமராவை முடுக்கும்போது அதோடு சேர்ந்து ஓடுகிறது. அந்தக் கார்டைக் கழற்றிவிட்டு வேறு கார்டு போட்டால் பழைய கேமராதான். ஆனால் முதல் முறை நிறுவும்போது, 'கார்டிலும் பார்' என்ற ஒரு குறியைக் கேமராவுக்குள் பதிக்கிறது. அவ்வளவுதான் உள்ளே நடக்கும் மாற்றம்.

பெரிய பயன் இரண்டு. ஒன்று, உதவிக் குறிகள். வெளிச்சம் மிஞ்சிய இடத்தில் வரிக்குதிரைக் கோடுகள் தெரியும், குவியம் சரியாக விழுந்த விளிம்பு வண்ணமாக மின்னும். பாட்டி வாசலில் உட்கார்ந்து, பின்னால் வெயில் அடித்தால், முகம் கருத்துப்போகிறதா என்பதை எடுக்கும்போதே அறியலாம். என் கணக்கில் இந்த ஒன்றுக்காகவே இதைப் போடலாம்.

மற்றொன்று, 2013-இல் இக்குழு கண்டுபிடித்த 'ரா' காணொளி. சாதாரணமாகக் கேமரா, சென்சார் கண்டதைச் சமைத்து, சுருக்கி, கோப்பாகத் தருகிறது. குழம்பில் உப்பு கூடிவிட்டால் எடுக்க முடியாதல்லவா, அதுபோல வெளிறிய வானத்தைப் பிறகு மீட்க முடியாது. ரா என்பது சமைக்காத சரக்கு. வண்ணத்தையும் வெளிச்சத்தையும் வீட்டில் கணினியில் உட்கார்ந்து திருத்தலாம்.

இதற்கு விலை உண்டு. 1280க்கு 720 அளவில், ஒரு புள்ளிக்கு 14 பிட் வீதம், விநாடிக்கு 25 படம் என்றால், விநாடிக்கு ஏறத்தாழ 40 மெகாபைட். இந்தக் கேமரா கார்டில் எழுதும் வேகமே ஏறக்குறைய அவ்வளவுதான். முழு எச்டி வேண்டுமென்றால் 90 மெகாபைட் தேவை, அது திணறிவிடும். 32 ஜிபி கார்டு 13 நிமிடத்தில் நிரம்பும். நானே ஒருமுறை ஒரு பெரியவரிடம் ராவில் பேசவைத்தேன். சப்பானியர் காலத்துக் கதைக்கு அவர் வந்த நேரத்தில் கார்டு நிரம்பிப் பதிவு நின்றுபோனது. நான் திரையைப் பார்க்கவில்லை. மறுவாரம் போனபோது அதே கதையை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

ஆகவே பாட்டியின் நீண்ட பேச்சுக்கு ரா வேண்டாம். கேமராவின் வழக்கமான பதிவே போதும். ஒரு துண்டு 29 நிமிடம் 59 விநாடியில் நின்றுவிடும், அதற்குள் ஒரு கேள்வியை முடித்துக்கொள்ளலாம். கை நடுங்காமல் உளியும் வாளியும் பிடித்துக்காட்டும் சிறு காட்சி, மாலை வெயிலில் பழைய கோயில், நிபோங் திபால் காலிடோனியா தோட்டத்து 99 கதவு மாளிகை போன்றவற்றை ராவில் எடுங்கள்.

மாற்று மென்பொருளை நம்பிப் படமே எடுத்தவர்கள் உண்டு. 2010-இல் வித்தாலி கிசெலெவ் என்பவர் பானாசோனிக் ஜிஎச்1 கேமராவின் மென்பொருளைத் திருத்த வழி கண்டார். அதே வழியில் திருத்திய ஜிஎச்2-வில் ஷேன் கரூத் எடுத்த 'அப்ஸ்ட்ரீம் கலர்' 2013-இல் சன்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்டது.

ஆபத்து என்ன? கேமரா பழுதானால் யாரும் பொறுப்பில்லை என்று மேஜிக் லாண்டர்ன் குழுவே சொல்கிறது. உங்கள் கேமராவின் பெயரும் அதன் மென்பொருள் எண்ணும் நீங்கள் இறக்கும் கோப்போடு அப்படியே பொருந்த வேண்டும். முழு மின்கலத்தோடு நிறுவுங்கள். கார்டு விளக்கு அணைந்த பிறகே கார்டைக் கழற்றுங்கள். காசு வாங்கிக்கொண்டு எடுக்கும் கல்யாணத்தில் மட்டும் இதைச் சோதித்துப் பார்க்காதீர்கள்.

இதற்கு மென்பொருளே தேவையில்லாத ஒன்றும் உண்டு. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பட்டியலில் 'பால்' முறையைத் தேர்ந்து, 25 படம், ஷட்டர் 1/50 என்று வையுங்கள். இல்லாவிட்டால் வீட்டுக் குழல்விளக்கு வெளிச்சத்தில் படம் துடிக்கும். மின்கலம் 875 மில்லி ஆம்பியர்தான், இரண்டாவது ஒன்று கையில் இருக்கட்டும்.

ஒலிக்குக் கைத்தொலைபேசியைப் பாட்டியின் மடியருகே பதிவில் வைத்து, தொடங்கும்போது ஒருமுறை கை தட்டுங்கள். அந்தத் தட்டலை வைத்துப் படத்தையும் ஒலியையும் பிறகு பொருத்தலாம். முகம் சற்று மங்கினால் பொறுத்துக்கொள்ளலாம், குரல் கேட்காவிட்டால் பதிவே வீண்.

அந்த இளைஞர் உதவிக் குறிகளை மட்டும் பயன்படுத்தி, சாதாரணப் பதிவில் எடுத்திருக்கிறார். விடியற்காலை பிரட்டுக்கு எழுப்பிய மணியிலிருந்து பாட்டி பேச்சைத் தொடங்கினாராம்.