கொட்டகையில் நின்ற சைக்கிள், பிடிக்காத பிரேக்

காடாம்புலியூரில் கோடை என்றால் முந்திரி. பண்ருட்டி வட்டாரத் தோப்புகளிலிருந்து கொட்டை வந்து இறங்கும் மாதங்களும் பள்ளி விடுமுறையும் ஒன்றாகவே வருகின்றன. கொட்டகையில் மூட்டை ஏறும்போது பிள்ளையின் சைக்கிள் சுவரோரம் ஒதுங்கும். மேலே ஒரு சாக்கு, பக்கத்தில் உடைத்த ஓட்டுக் குவியல். ஜூனில் பள்ளி திறக்கிற வாரம் அதை இழுத்து வெளியே நிறுத்தி, காற்றடித்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, பிள்ளையை அனுப்பிவிடுகிறோம். டயரைப் பார்க்கிறோம், பெல் அடிக்கிறதா என்று பார்க்கிறோம். பிள்ளைகள் அடம்பிடித்து வாங்குகிற அந்த டிஸ்க் பிரேக்கைச் சோதித்துப் பார்க்கிற வீடு குறைவு.

மாதக்கணக்கில் நின்ற டிஸ்க் பிரேக் ஏன் பலமிழக்கிறது? பிடியை அழுத்தினால் பாதி விடை கிடைத்துவிடும். பிடி தளர்ந்து ஹேண்டில்பார் வரை வந்து முட்டினால், கோளாறு வயரிலோ, டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடின் தேய்மானத்திலோ இருக்கிறது. பிடி கல் மாதிரி நிற்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை என்றால் பெரும்பாலும் டிஸ்க்கிலோ பேடிலோ எண்ணெய் ஏறியிருக்கிறது. இந்த இரண்டாவதுதான் ஆபத்தானது. பிடி கெட்டியாக இருப்பதால் பிரேக் நன்றாக இருக்கிறது என்று பிள்ளையும் நம்பும், அப்பாவும் நம்புவார்.

முதல் வகையை முதலில் முடித்துவிடுவோம். நம் ஊரில் ஓடும் டிஸ்க் சைக்கிள்களில் பெரும்பாலானவை வயர் இழுக்கும் வகை. மழையிலோ வெள்ளத்திலோ நின்ற வண்டியில் வயரும் அதன் உறையும் உள்ளே துருப்பிடித்துவிடும். 2015 வெள்ளத்திலும் 2024 ஃபெஞ்சல் புயலிலும் கடலூர் மாவட்டத்தில் எத்தனை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது என்பது நமக்குத் தெரியும். அப்படி நனைந்த வயரையும் உறையையும் சேர்த்தே மாற்றிவிட வேண்டும். வயர் நன்றாக இருந்தும் பிடி தளர்ந்திருந்தால், கடையில் உடனே செய்வது வயரை இழுத்து இறுக்குவது. இதில்தான் தவறு நடக்கிறது. இவ்வகை பிரேக்குகள் பலவற்றில் வெளிப்பக்க பேட் மட்டும்தான் நகரும். உள்பக்க பேட் நின்ற இடத்திலேயே நிற்கும். தேய்ந்த பேடுக்கு ஈடாக வயரை மட்டும் இறுக்கினால், பேடைத் தள்ளும் காலிப்பரின் கை ஏற்கெனவே பாதி தூரம் சுழன்ற நிலைக்குப் போய்விடும், அழுத்தும் வலு குறையும். உள்பக்க பேடை ஆலன் கீ கொண்டு டிஸ்க்குக்கு மிக அருகில், உரசாமல் கொண்டுவந்த பிறகுதான் வயரைத் தொட வேண்டும். பேடின் உராயும் பகுதி 1 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் சரிசெய்ய எதுவும் இல்லை, புதிது போடுங்கள்.

இனி எண்ணெய். காடாம்புலியூரில் இதைப் பற்றிப் பேச ஒரு தனிக் காரணம் உண்டு. முந்திரி ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் கையில் பட்டால் தோல் வெந்து உரியும் என்பதை முந்திரி உடைக்கும் பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதே எண்ணெயிலிருந்து பிசின் காய்ச்சி, இறுக வைத்து, அரைத்து எடுக்கும் பொடியை உலகெங்கும் கார், லாரிகளின் பிரேக் லைனிங்குகளில் சேர்க்கிறார்கள். சூட்டைத் தாங்கி, சத்தத்தையும் தேய்மானத்தையும் குறைத்து, பிடிப்பைச் சீராக வைத்திருப்பது அதன் வேலை. இறுகிப் பொடியானால் பிரேக்குக்கு உதவும் இந்தப் பொருள், எண்ணெயாகவே டிஸ்க்கில் பட்டால் பிரேக்கைக் கொன்றுவிடும். சைக்கிளில் வரும் சாதாரண பேடில் நுண்துளைகள் உண்டு. பஞ்சு தண்ணீரை இழுப்பதுபோல அது எண்ணெயை இழுத்துக்கொள்ளும். ஓடு உடைத்த கையால் டிஸ்க்கைத் தொட்டாலும், எண்ணெய்ச் சாக்கு அதன்மேல் சாய்ந்து கிடந்தாலும் போதும்.

முந்திரி எண்ணெயாவது தெரியாமல் படுகிறது. நாமே கொண்டுபோய் விடுகிற எண்ணெயை நினைத்தால்தான் பதைக்கிறது. டிஸ்க் லேசாகத் துருவேறி ‘கிறீச்’ என்றதும், ஒரு சொட்டு தேங்காயெண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ துரு நீக்கும் ஸ்பிரேயோ அங்கே போகிறது. சத்தம் நின்றுவிடும்; பிரேக்கும் நின்றுவிடும். அந்தத் துரு உண்மையில் பெரிய விஷயமே இல்லை. மேலோட்டமான துருவை நாலைந்து முறை பிரேக் பிடித்தாலே பேட் தேய்த்து எடுத்துவிடும். சங்கிலிக்கு ஸ்பிரே அடிக்கும்போது பின்சக்கர டிஸ்க்கில் தூவானம் படிவதும் உண்டு. அதனால் டிஸ்க்கைத் துணியால் மூடிவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

எண்ணெய் பட்டுவிட்டதென்றால் டிஸ்க்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால், சுத்தமான வெள்ளைத் துணியில் கறை ஒட்டாமல் போகும் வரை துடையுங்கள். கொரோனா காலத்தில் வாங்கி மிஞ்சிய சானிடைசர் உதவாது. அதில் கிளிசரின் கலந்திருக்கும். மண்ணெண்ணெய், டீசல் கூடவே கூடாது. பேடைக் கழற்றி உப்புத்தாளில் மேல்பரப்பைத் தேய்த்துப் பார்க்கலாம், லேசான கறையானால் போய்விடும். ஊறிப்போன பேடை அடுப்பில் சுட்டு எண்ணெயை எரிக்கிற வித்தையைச் சிலர் செய்கிறார்கள். வேண்டாம். பிள்ளை நம்பி ஏறும் வண்டிக்குப் புது ஜோடிதான் சரி.

மாற்றிய பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது, பலரும் விட்டுவிடுவது இதைத்தான். பேடின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க்கில் ஏறினால்தான் முழுப் பிடிப்பு கிடைக்கும். வண்டிகள் வராத தெருவில் ஓரளவு வேகம் எடுத்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நடை வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு பிரேக்குக்கும் 15, 20 முறை இப்படிச் செய்யுங்கள்.

எண்ணெய்க் குழாய் வைத்த ஹைட்ராலிக் வகை வைத்திருப்போருக்கு ஒன்றிரண்டு எச்சரிக்கை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வைத்தால் பிடியருகே உள்ள கலத்தின் காற்று குழாய்க்குள் இறங்கி, பிடி பஞ்சாகிவிடும். சில வண்டிகளுக்கு மினரல் ஆயில், சிலவற்றுக்கு டாட் வகை திரவம். மினரல் ஆயில் கேட்கும் வண்டியில் பைக்குக்கு ஊற்றும் டாட் வகை பிரேக் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுப்போகும்.

பள்ளிப் பிள்ளைக்கு எதற்கு டிஸ்க், பழைய ரப்பர் கட்டையே போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வாங்கியாகிவிட்டது, பிள்ளை அதில்தான் போகிறது. போகிற சாலை விக்கிரவாண்டி–கும்பகோணம்–தஞ்சாவூர் நெடுஞ்சாலை. பண்ருட்டிக்கும் வடலூருக்கும் இடையே பேருந்தும் கரும்பு டிராக்டரும் லாரியும் விரையும் அந்தச் சாலையில், குறுக்கே ஒரு ஆடு வந்தால் நிறுத்த இரண்டு சக்கர அளவு தூரம்கூடக் கிடைக்காது. அங்கே போய்த்தான் பிரேக் பிடிக்கவில்லை என்று ஒரு பத்து வயதுப் பிள்ளை கண்டுபிடிக்க வேண்டுமா?

பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்னதாக, சைக்கிளின் பக்கத்தில் நின்று முன்பிரேக்கை அழுத்திப் பிடித்து வண்டியை முன்னே தள்ளிப் பாருங்கள். முன்சக்கரம் உருளாமல் நின்று, பின்சக்கரம் தரையை விட்டு எழும்ப வேண்டும். அப்படி எழும்பாமல் முன்சக்கரம் உருண்டுகொண்டே போனால், பிரேக் சரியாகும் வரை பிள்ளையைப் பேருந்தில் அனுப்புங்கள்.