மோட்டார் ஹோமில் கம்ப்யூட்டர்: இரண்டு ஆண்டு அனுபவம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவுடன் நாம் என்ன செய்கிறோம்? ஒரு மேஜை போடுகிறோம். பக்கத்தில் பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்று பார்க்கிறோம். இன்டர்நெட்டுக்கு ஒரு ஒயரை இழுக்கிறோம். அத்துடன் கரண்ட் எங்கிருந்து வருகிறது, இன்டர்நெட் எங்கிருந்து வருகிறது என்பதையே மறந்துவிடுகிறோம். அப்படி மறக்க முடியாத ஒரு வீட்டில் நானும் என் மனைவியும் இரண்டு ஆண்டுகள் இருந்தோம். 2022 கோடையிலிருந்து 2024 கோடை வரை, அமெரிக்காவில், 24 அடி நீளமுள்ள ஒரு மோட்டார் ஹோமில்.

மோட்டார் ஹோம் என்றால் என்ன? வேன் அல்லது டிரக்கின் சேசிஸ் மீது கட்டிய சிறிய வீடு. எங்களுடையது க்ளாஸ் சி என்ற வகை. டிரைவர் சீட்டுக்கு மேலே படுக்கை, நடுவில் சமையலறை, பின்னால் பாத்ரூம். சாப்பிடும் மேஜைதான் என் ஆபீஸ். என் வேலை சாப்ட்வேர் டெஸ்டிங். முழுவதும் இன்டர்நெட் வழியாகத்தான். இன்டர்நெட் இல்லாத நாள் சம்பளம் இல்லாத நாள்.

கரண்ட் கணக்கு

மோட்டார் ஹோமில் இரண்டு விதமாக கரண்ட் பெறலாம். பணம் கட்டித் தங்கும் பார்க்குகளில் ஒரு கம்பத்தில் 30 அல்லது 50 ஆம்பியர் பிளக் இருக்கும். செருகினால் போதும், அது 120 வோல்ட். ஊருக்கு வெளியே அரசு நிலத்தில் நிறுத்தினால் எதுவும் கிடையாது. வண்டியில் உள்ள பேட்டரியும் கூரையில் உள்ள சோலார் பேனலும்தான் கதி.

எங்கள் வண்டியில் 6 வோல்ட் கோல்ப் வண்டி பேட்டரிகள் இரண்டை இணைத்து 12 வோல்ட் ஆக்கியிருந்தார்கள். மொத்தம் 220 ஆம்பியர் அவர். 12 ஆல் பெருக்கினால் 2640 வாட் அவர். ஆனால் இந்தக் கணக்கை நம்பி ஏமாறக் கூடாது. லெட் ஆசிட் பேட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் விரைவில் முடிந்துவிடும். எனவே உண்மையில் நம் கையில் இருப்பது 1320 வாட் அவர்தான்.

முதல் குளிர்காலத்தில் அரிசோனா மாநிலத்தின் குவார்ட்ஸ்சைட் ஊருக்கு வெளியே உள்ள பாலைவனத்தில் நிறுத்தினோம். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து ஏராளமான மோட்டார் ஹோம்கள் வந்து குவியும் இடம் அது. கூரையில் 400 வாட் பேனல் இருக்கிறது, வெயிலுக்கும் குறைவில்லை, பிறகென்ன கவலை என்று நினைத்தேன். இரண்டாவது நாள் விடியற்காலையில் ஹீட்டர் நின்றுவிட்டது. வெளியே கடுங்குளிர். எல்லாம் இருட்டு. எங்கோ ஒரு பீப் சத்தம் மட்டும். ஹீட்டர் கேஸில்தான் எரிகிறது. ஆனால் அதன் காற்றாடிக்கு 12 வோல்ட் வேண்டுமே!

கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். லேப்டாப்புகள் இரண்டும் சேர்த்து நாளைக்கு 400 வாட் அவர். ஹீட்டர் காற்றாடி 90 வாட், இரவில் மொத்தம் 4 மணி நேரம் ஓடினால் 360. விளக்கு, தண்ணீர் பம்ப், செல்போன்கள் 100. இன்டர்நெட் டிஷ் 60 வாட், 10 மணி நேரத்துக்கு 600. ஆக, டிஷ் லேப்டாப்பை விட அதிகம் குடிக்கிறது. கூட்டினால் 1460 வருகிறது. குளிர்காலத்தில் சூரியன் சாய்ந்திருப்பதால், கூரை மீது படுத்திருக்கும் 400 வாட் பேனல் தருவது சுமார் 1000. இதுவே உதைக்கிறது. ஆனால் இவ்வளவு சீக்கிரம் பேட்டரி இறங்க இந்தக் கணக்கு போதவில்லை.

திருடன் வேறு இடத்தில் இருந்தான். வண்டியோடு வந்த 2000 வாட் இன்வெர்ட்டரை நாங்கள் அணைப்பதே இல்லை. எந்தப் பொருளையும் செருகாவிட்டாலும், அது சும்மா ஆனில் இருக்கவே 20 வாட் எடுக்கும். 24 மணி நேரத்துக்கு 480 வாட் அவர்! இரண்டு லேப்டாப்புகளும் ஒரு நாள் முழுக்க ஓடுவதை விட அதிகம்.

அன்றிலிருந்து பெரிய இன்வெர்ட்டரை அணைத்தே வைத்தோம். லேப்டாப்பை யு.எஸ்.பி. சி வழியாக 12 வோல்ட் சாக்கெட்டிலிருந்து நேராக சார்ஜ் செய்தோம். பேட்டரியின் டி.சி.யை இன்வெர்ட்டரில் ஏ.சி. ஆக்கி, அதையே அடாப்டரில் மறுபடி டி.சி. ஆக்குவது வீண் வேலை. இரண்டு முறையும் நஷ்டம். டிஷ்ஷுக்கு மட்டும் ஒரு சிறிய 300 வாட் சைன் வேவ் இன்வெர்ட்டர் வாங்கி, அதையும் வேலை நேரத்துக்கு மட்டும் போட்டோம். அப்படியும் கொஞ்சம் துண்டு விழுந்தது. அதற்கு இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை ஜெனரேட்டர்.

சைன் வேவ் என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் ஊரில் மின்வெட்டுக் காலத்தில் இன்வெர்ட்டர் வாங்கியவர்களுக்கு ஸ்கொயர் வேவ், சைன் வேவ் வித்தியாசம் தெரிந்திருக்கும். விலை குறைவு என்று ஸ்கொயர் வேவ் வகை வாங்கினால் பேன் உறுமும். சில அடாப்டர்கள் சூடேறும். எங்கள் பழைய இன்வெர்ட்டரும் சுத்தமான சைன் வேவ் இல்லை. என் மனைவியின் லேப்டாப் அடாப்டர் ஒரே மாதத்தில் கருகிய வாசனையோடு நின்றுபோனது. கம்ப்யூட்டருக்காக இன்வெர்ட்டரோ யு.பி.எஸ்.ஸோ வாங்குகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள்.

பார்க்கில் நிறுத்தினால் பிரச்னை இல்லை என்று எண்ண வேண்டாம். கோடை மதியம் எல்லா வண்டிகளிலும் ஏ.சி. ஓடும்போது வோல்டேஜ் சரியும். சில கம்பங்களில் பேஸ், நியூட்ரல் மாறியிருக்கும், எர்த் இருக்காது. அதனால் முதலில் ஒரு டெஸ்டரைச் செருகிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை இணைப்போம். ஊரில் வாடகை வீடு மாறும்போது யாராவது இதைச் செய்கிறோமா?

இன்டர்நெட்

எங்கள் வண்டியின் கூரையில், முதல் சொந்தக்காரர் வைத்த பழைய சாட்டிலைட் டிஷ்ஷின் கால்கள் மட்டும் மிச்சம் இருந்தன. அந்தக் காலச் சாட்டிலைட்டுகள் பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவை. நீங்கள் ஒரு லிங்க்கை கிளிக் செய்தால் சிக்னல் மேலே போய், கீழே வந்து, பதில் மறுபடி மேலே போய்க் கீழே வர வேண்டும். ஒளியின் வேகத்திலேயே அரை விநாடி ஆகிவிடும். மெயில் பார்க்கலாம், பேச முடியாது. 2022-ல் ஸ்டார்லிங்க் நிறுவனம் மோட்டார் ஹோம்களுக்கென்று தனி இணைப்பு தர ஆரம்பித்தது. அதன் சாட்டிலைட்டுகள் அப்போது சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியதால் தாமதம் மிகக் குறைவு. பாலைவனத்தின் நடுவிலிருந்து மதுரையில் உள்ள மைத்துனியிடம் முகம் பார்த்துப் பேசினோம்.

ஆனால் அதற்குத் திறந்த வானம் வேண்டும். மரம் மறைத்தால் பேச்சு விட்டு விட்டு வரும். சோலாருக்கும் அதேதான். நிழலில் நிறுத்தினால் குளிர்ச்சி, ஆனால் கரண்டும் இல்லை, இன்டர்நெட்டும் இல்லை. வெயிலில் நிறுத்தினால் இரண்டும் உண்டு, உள்ளே அடுப்பு. கோடையில் வடக்கே மலைப்பக்கம் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

டிஷ் கைவிடும் நாளுக்கென்று செல்போன் ஹாட்ஸ்பாட். அதில் டேட்டா அளவு உண்டு. ஒரு நாள் காலையில் விண்டோஸ் அப்டேட் தானாக இறங்கி மாத டேட்டாவில் பெரும் பகுதியை விழுங்கிவிட்டது. இதைத் தடுக்க வழி இருக்கிறது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸ் சென்று, நெட்ஒர்க் பிரிவில் அந்த வை-பி இணைப்பின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, மீட்டர்டு கனெக்ஷன் என்பதை ஆன் செய்யுங்கள். பெரும்பாலான அப்டேட்கள் காத்திருக்கும். செல்போன் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கும் வீட்டுக்காரர்கள் எல்லாருமே செய்ய வேண்டிய வேலை இது.

இவ்வளவு வசதியும் இல்லாத காலத்திலேயே ஒருவர் இப்படி வாழ்ந்து காட்டியிருக்கிறார். ஸ்டீவன் ராபர்ட்ஸ் என்ற எழுத்தாளர் 1983-ல் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரிலிருந்து, படுத்தபடி ஓட்டும் ஒரு சைக்கிளில் கிளம்பினார். கூடவே ரேடியோ ஷாக் நிறுவனத்தின் மாடல் 100 கம்ப்யூட்டர். நான்கு சிறிய பென்டார்ச் பேட்டரிகளில் ஓடும். திரையில் 8 வரிகள்தான் தெரியும். வழியில் கிடைக்கும் டெலிபோன்களில் இணைத்து, கம்ப்யூசர்வ் வழியாகக் கட்டுரைகளை அனுப்பிப் பிழைத்தார். மோடத்தின் வேகம் விநாடிக்கு 300 பிட், அதாவது சுமார் 30 எழுத்து! பிறகு அவர் கட்டிய பெஹிமத் என்ற கம்ப்யூட்டர் சைக்கிள் இப்போது கலிபோர்னியாவின் மவுண்டன் வியூவில் உள்ள கம்ப்யூட்டர் மியூசியத்தில் இருக்கிறது.

விலாசம் எங்கே?

வண்டியில் வாழ்பவரிடம் பேங்க்கும் அரசாங்கமும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பலர் டெக்சாஸ், புளோரிடா, தெற்கு டகோடா மாநிலங்களில் விலாசம் வைத்துக்கொள்கிறார்கள். அங்கே மாநில வருமான வரி கிடையாது. டெக்சாஸின் லிவிங்ஸ்டன் ஊரில் உள்ள எஸ்கேபீஸ் என்ற சங்கம் இப்படிப்பட்டவர்களுக்குத் தபால் வாங்கி அனுப்புகிறது. 1978-ல் ஆரம்பித்த சங்கம்.

இன்னொரு சிக்கல் ஓ.டி.பி. டிஷ் வழியாக இன்டர்நெட் ஓடுகிறது. ஆனால் செல்போனுக்கு சிக்னல் இல்லை. பேங்க் அனுப்பிய எஸ்.எம்.எஸ். வராது! வழி என்ன? ஆதென்டிகேட்டர் என்ற சிறிய ஆப். அதில் வரும் ஆறு இலக்க எண்ணை யாரும் அனுப்புவதில்லை. முதலில் பதிவு செய்யும்போது கிடைத்த ரகசியச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் வைத்து உங்கள் போனே கணக்கிடுகிறது. வழக்கமாக 30 விநாடிக்கு ஒரு முறை மாறும். சிக்னலே தேவையில்லை. போனில் கடிகாரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். மெயில் கணக்குகளுக்கு நீங்களும் இதை வைத்துக்கொள்ளலாம். கூடவே தரப்படும் பேக்கப் கோடுகளைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் அதுதான் வழி.

மற்றவை சுருக்கமாக. கழிவு டாங்க்கை அதற்கென்று உள்ள இடத்தில் கொண்டுபோய் நாமே குழாய் மாட்டித் திறக்க வேண்டும். முதல் தடவை இரண்டு கையுறை போட்டேன். நன்னீர் டாங்க் 150 லிட்டர். சிக்கனமாக இருந்தால் ஐந்து நாள். போனில் உள்ள சாதாரண மேப்புக்கு வண்டியின் உயரம் தெரியாது. வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் 11 அடி 8 அங்குல உயரத்தில் ஒரு ரயில் பாலம் பல வண்டிகளின் கூரையைச் சீவியது. 2019-ல் அதை 8 அங்குலம் உயர்த்தினார்கள். எங்கள் வண்டி 11 அடி. உயரத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்து ஸ்டியரிங் அருகே ஒட்டினோம்.

இதெல்லாம் உல்லாசம் என்றும் நினைக்க வேண்டாம். வாடகை கொடுக்க முடியாமல் வண்டிக்கு வந்த முதியவர்களைப் பாலைவனத்தில் பார்த்தோம். ஜெசிகா புரூடர் 2017-ல் எழுதிய நோமட்லேண்ட் என்ற புத்தகம் இவர்களைப் பற்றியதுதான். அதன் சினிமாவுக்கு 2021-ல் ஆஸ்கர் கிடைத்தது.

ஹார்ட் டிஸ்க்

எங்களுக்கு உண்மையான நஷ்டம் 2023 மார்ச்சில் வந்தது. என் மாமனாரின் பழைய போட்டோக்கள் சுமார் 4,000. மனைவி மூன்று ஆண்டு உட்கார்ந்து ஸ்கேன் செய்தவை. அச்சுப் பிரதிகளைக் கரையான் தின்றுவிட்டது. எல்லாம் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. இடம் மாறும் நாள் காலையில் அதை லேப்டாப்பில் செருகிக் காப்பி போட்டோம். முடியவில்லை. ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்று வண்டியை எடுத்தேன். பாலைவன மண் சாலை, வரி வரியாக மேடு பள்ளம். கால் மணி நேரத்தில் டிக், டிக் என்று சத்தம் வந்தது.

ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே தட்டு சுழலும்போது, தகவலைப் படிக்கும் ஹெட் முடியை விட மிக மெல்லிய இடைவெளியில் அதன் மேல் மிதக்கிறது. அணைத்துவிட்டால் ஓரமாய் ஒதுங்கிவிடும். ஓடும்போது அதிர்ந்தால் தட்டில் உரசும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை என்பதால் இந்தப் பயம் கிடையாது. வண்டியில்தான் என்று இல்லை. மேஜையில் காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போது குழந்தை ஒயரை இழுத்தாலும் இதே கதிதான்.

மனைவி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளுக்கே நினைவு வந்தது. 2019-ல் தங்கைக்கு ஆறு டி.வி.டி. எழுதிக் கொடுத்திருந்தாள். மதுரை வீட்டு பீரோவில் அவை இருந்தன. ஐந்து படித்தன. ஆறாவதில்தான் மாமனார் ரயில்வேயில் சேர்ந்த காலத்துப் படங்கள். அது படிக்கவில்லை.

இப்போது அந்தப் படங்கள் மூன்று இடத்தில் இருக்கின்றன: என் எஸ்.எஸ்.டி.யில், இன்டர்நெட் சேமிப்பில், மதுரையில் ஒரு பென் டிரைவில். வண்டியை 2024-ல் விற்றுவிட்டோம். ஆறாவது டி.வி.டி.யை மைத்துனி தூக்கிப் போடவில்லை. ஒரு டிரைவில் படிக்காத டி.வி.டி. வேறு டிரைவில் படிக்கலாம் என்று சொல்லி வைத்திருந்தேன். போன மாதம் பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டரில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்திருக்கிறாள். 11 படங்கள் வந்தன.