தசை பாதி, சுமை பாதி

எக்கோ அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோரும் தேடுவது 'இ.எஃப்.' என்ற எண்ணைத்தான். இதயத்தின் இடது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை விழுக்காடு வெளியேறுகிறது என்பதே அது. 60 என்றால் நிம்மதி, 35 என்றால் கலக்கம். ஆனால் அந்த எண்ணில் தசையின் வலுவோடு, தசை எதிர்த்துத் தள்ளும் அழுத்தமும் கலந்திருக்கிறது. மகாதமனி வால்வு சுருங்கியவருக்குக் கீழறைக்குள் அழுத்தம் 200 மி.மீ. பாதரச அளவைக்கூடத் தொடும், இ.எஃப். சரியும். வால்வை மாற்றியதும் பலருக்கு அது மீண்டும் ஏறுகிறது. தசை அதற்குள் புதிதாகிவிடவில்லை, சுமை இறங்கியிருக்கிறது. ஈரிதழ் வால்வு கசிபவரிடம் நேர்மாறு. ரத்தத்தில் ஒரு பங்கு அழுத்தம் குறைந்த மேலறைக்கே திரும்பிவிடுவதால், தசை நலியும்போதும் எண் நன்றாகத் தெரியும். அவர்களுக்கு 60 என்பதே எச்சரிக்கை எல்லையாக வைக்கப்பட்டிருப்பது இதனால்தான்.

வலப்பக்கம் சுமைக்கு இன்னும் எளிதில் தளர்கிறது. இடது கீழறை 120 மி.மீ. அழுத்தம் எழுப்பும் இடத்தில், மெல்லிய சுவருள்ள வலது கீழறைக்கு 25 போதும். நுரையீரல் தமனியைப் பெரிய ரத்தக்கட்டி திடீரென அடைத்தால், சராசரி அழுத்தத்தை 40 மி.மீ.க்கு மேல் எழுப்ப முடியாமல் வலது கீழறை விரிந்து ஓய்ந்துவிடும். அழுத்தம் ஆண்டுக்கணக்கில் மெல்ல ஏறினால் சுவர் தடித்து ஈடுகொடுக்கும். வலது கீழறையின் செயலை அறிய, மூவிதழ் வால்வு வளையம் ஒரு துடிப்புக்கு எவ்வளவு நகர்கிறது என்று அளக்கிறார்கள், 17 மி.மீ.க்குக் கீழே என்றால் குறைபாடு. இருவருக்கு 14 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு நுரையீரல் தமனி அழுத்தம் 70, மற்றவருக்கு 25. முதலாமவரின் தசை வலுவாகவே இருந்தும் சுமை அதை மீறியிருக்கலாம். இரண்டாமவரிடம் தசையே பழுது. 1970களில் ஹிரோயுகி சுகாவும் கீச்சி சகாவாவும் நாய் இதயங்களில் அழுத்தத்தையும் கொள்ளளவையும் சேர்த்தே அளந்து, சுமை மாறினாலும் பெரிதும் மாறாத தசை வலுவைப் பிரித்துக் காட்டினார்கள்.

இ.எஃப்.பை நம்பித்தானே இத்தனை காலம் மருந்தும் கருவியும் கொடுத்து உயிர்களைக் காத்தோம் என்று கேட்கலாம். உண்மைதான். யாருக்கு ஆபத்து என்று அது சொல்கிறது. தசையாலா, சுமையாலா என்று சொல்வதில்லை. சிகிச்சை அதைப் பொறுத்தே மாறும். சுமையை அறிய எல்லோருக்கும் இதயத்துக்குள் குழாய் செலுத்தி அளக்க முடியுமா என்ற கேள்விக்கும் விடை உண்டு. எக்கோ எடுக்கும் நேரத்து ரத்த அழுத்தத்தை அறிக்கையிலேயே குறிக்கலாம். வலப்பக்க அழுத்தத்தை, மூவிதழ் வால்வில் பின்னோக்கிக் கசியும் ரத்தத்தின் வேகத்திலிருந்து பெரும்பாலும் அதே கருவியால் கணித்துவிடலாம்.