எழுவரில் மூவர்: புதியவர் நால்வருடன் எமது முதல் மேடை

சென்ற மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ஒஸ்லோ நகரின் புறத்தே உள்ள பாடசாலை மண்டபம் ஒன்றில் எமது இசைக்குழு மீண்டும் மேடையேறியது. 'மீண்டும்' என்று எழுதும்போதே பேனா சற்றுத் தயங்குகின்றது. 1993 ஆம் ஆண்டில் இக்குழுவைத் தொடங்கியபோது நாம் எழுவர். அந்த எழுவரில் அன்று மேடையில் நின்றவர்கள் மூவர் மட்டுமே. மற்றைய நால்வரும் இந்த நாட்டிலே பிறந்த பிள்ளைகள். பெயர் பழையது, பின்னால் தொங்கிய பதாகையும் பழையது. வாசித்தவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் புதியவர்கள்.

பழைய வாசகர்கள் எமது தொடக்கத்தை அறிவார்கள். நோர்வேயின் வடமுனையிலுள்ள பின்மார்க் மாகாணத்தில், மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்த எம்மவர் பலர் ஒன்றாக வாழ்ந்த காலம் அது. கார்த்திகைக் கடைசியிலிருந்து தை மாதம் வரை சூரியனே தலைகாட்டாத ஊர். பகல் முழுவதும் குளிர்நீரில் மீன் வெட்டிய கைகளுக்கு, இரவிற் பிடிக்க ஒரு கிற்றார் கிடைத்தது. ஒரு சிறிய கசியோ கீபோட், ஒரு சோடித் தபேலா, நான்கு பேர் பகிர்ந்த ஓர் ஒலிவாங்கி. பின்னர் பலரும் தெற்கே ஒஸ்லோவுக்குப் பெயர்ந்தபோது நாமும் பெயர்ந்தோம். திருமணங்கள், பூப்புனித நீராட்டு விழாக்கள், தமிழ்ப் பாடசாலைகளின் ஆண்டு விழாக்கள் என்று எத்தனையோ மேடைகள்.

குழு கலைந்தது ஒரு நாளில் அன்று. ட்றம்ஸ் வாசித்தவர் பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டு இலண்டனுக்குச் சென்றார். பேஸ் கிற்றார் ரொறன்ரோவுக்குப் போனது. பெண்குரலில் எம்மைத் தாங்கிய சகோதரி, பேரப்பிள்ளைகளைப் பார்க்கவென்று இங்கிலாந்துக்குச் சென்று அங்கேயே தங்கிவிட்டார். இவற்றையெல்லாம் ஒருவாறு சமாளித்தோம். 2022 ஆம் ஆண்டில், யாவரும் 'ஓர்கன் மாஸ்ரர்' என்று அழைத்த எமது கீபோட் கலைஞர் காலமானார். அதன்பின் கிற்றார்ப் பெட்டியைத் திறக்கும் மனம் எமக்கு நெடுநாள் இருக்கவில்லை.

திறக்க வைத்தது ஒரு கொப்பி. மாஸ்ரரின் துணைவியார் ஒருநாள் எம்மை வீட்டுக்கு அழைத்து, ஊரிற் பள்ளிக்கூடத்தில் நாம் பாவித்த அதே மாதிரியான தடித்த சீ.ஆர். கொப்பி ஒன்றைத் தந்தார். முப்பது வருடப் பாடல்கள் அதிலே இருந்தன. ச, ரி, க, ம என்று தமிழில் எழுதி, மேலே புள்ளியும் கீழே புள்ளியும் இட்டு, தாளத்துக்குக் கோடு போட்டு, மிக ஒழுங்காக எழுதியிருந்தார். ஆனால் புரட்டப் புரட்ட ஓர் உண்மை தெரியவந்தது. முக்கியமான இடங்களிலெல்லாம் அவர் ஒரே ஒரு சொல்லைத்தான் எழுதியிருந்தார்: 'வழமைபோல்'. முதலாவது இடையிசை, வழமைபோல். இரண்டாவது பாட்டுக்குத் திரும்பும் இடம், வழமைபோல். அந்த வழமை என்னவென்று அறிந்தவர் அவர் ஒருவரே. இருபது ஆண்டுகளுக்கு மேல் பக்கத்தில் நின்று வாசித்த எமக்கும் அது தெரியவில்லை. அவர் வாசிப்பார், நாம் சேர்ந்துகொள்வோம். அவ்வளவுதான் எமது ஒத்திகை.

மூலப் பாடலைக் கேட்டு எழுதிக்கொள்ளலாமே என்று வாசகர்கள் கேட்கலாம். பாதிக்கு அது சரி. இளையராஜாவின் பாடல்களில் முதலாவது இடையிசையும் இரண்டாவதும் பெரும்பாலும் வேறு வேறானவை. பல வயலின்கள், புல்லாங்குழல், கிற்றார், பேஸ் என்று ஒவ்வொன்றும் தனித்தனி வழியிற் செல்லும். ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு கூட்டமே வாசித்ததை மேடையில் ஒருவர் இரு கைகளால் வாசிக்கவேண்டும். எதை விடுவது, எதைப் பிடிப்பது என்பதிலேதான் அவரது வித்தை இருந்தது. அந்த வெட்டும் ஒட்டும் எந்த இசைத்தட்டிலும் இல்லை. அதைவிட, எமது நிகழ்ச்சிகள் யாவும் முடிவடையும் பைலாக் கதம்பம் இருக்கின்றதே, ஐந்து பொப்பிசைப் பாடல்களை ஒன்றோடொன்று தைத்தவர் அவர். தையல் எங்கே போனது என்பதற்குக் கொப்பியில் ஐந்து பாடல்களின் முதலடிகளும் நான்கு 'வழமைபோல்'களும் மட்டுமே சாட்சி.

புதிய கீபோட் கலைஞருக்கு வயது பதினேழு. நகரசபையின் கலாசாரப் பாடசாலையில் ஏழு வயதிலிருந்து பியானோ கற்றவள். மேலைத்தேய இசைக்குறிப்பை நாம் பத்திரிகை வாசிப்பது போல் வாசிப்பாள். தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஆகவே நாம் கொப்பியைப் பார்த்துச் சுரத்தைச் சொல்ல, அவள் ஐந்து கோட்டில் எழுதினாள். 'வழமைபோல்' வந்தபோதெல்லாம் ஒரு கேள்விக்குறி போட்டாள். முதல் நாளே முப்பத்தொரு கேள்விக்குறிகள்.

பிறகுதான் திருமண வீடியோக்களின் நினைவு வந்தது. தொலைபேசியிற் கேட்டோம், கோயில் வாசலில் நின்று கேட்டோம். எந்தக் குறையும் சொல்லாமல் பதினான்கு குடும்பங்கள் பழைய வீடியோ நாடாக்களைத் தேடித் தந்தன. அவற்றிற் பலவற்றை இருபது வருடங்களாக எவரும் போட்டுப் பார்த்ததில்லை. பிள்ளைகளுடன் இருந்து அவற்றைப் பார்த்த மாலைகள் எமக்கு வேறு விதமாகவும் கனத்தன. பந்தியிற் சாப்பிடும் முகங்களில் இன்று இல்லாதவர்களே அதிகம். மாஸ்ரரோ வீடியோவில் ஒரு மூலையிற் பாதி மட்டும் தெரிவார். படம் எடுப்பவர் மணமக்களை விட்டு அவரிடம் வரமாட்டார். ஆனால் ஒலி இருந்தது. கேள்விக்குறிகள் ஒவ்வொன்றாக அழிந்தன. இறுதியில் ஒன்று எஞ்சியது. கதம்பத்தில் மூன்றாவது பாடலிலிருந்து நான்காவதுக்குச் செல்லும் எட்டுத் தாளக்கட்டுகள். கதம்பம் பதிவாகியிருந்தது ஒரேயொரு நாடாவில். அதே இடத்தில், யாரோ ஒரு பெரியவர் ஒலிவாங்கியைப் பிடித்து, வாசலை மறித்து நிற்கும் வாகனத்தை அகற்றுமாறு இரண்டு தடவை அறிவிக்கின்றார்!

ட்றம்ஸ் தம்பியின் சிக்கல் வேறு. அவன் இங்கு 'கோர்ப்ஸ்' எனப்படும் பாடசாலை பாண்ட் வாத்தியக் குழுவில் வளர்ந்தவன். மே 17 ஆம் நாள், நோர்வேயின் அரசியலமைப்பு நாளில், பிள்ளைகளின் ஊர்வலத்துக்கு முன்னால் மேளமடித்து நடந்தவன். நடைக்கு அடிக்கும் கை நேராக விழும். பைலாவோ ஆறு எண்ணிக்கை கொண்ட தாளம். போர்த்துக்கேயர் வழியாக இலங்கைக்கு வந்து, 1940களின் பிற்பகுதியில் வொலி பஸ்தியான் என்ற கலைஞர் சிங்களப் பாடல்களுக்கு அமைத்துப் பரவச் செய்தது. 1970களில் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் முதலியோர் தமிழிற் பாட, பொப்பிசை என்று எமது வீடுகளுக்குள் வந்தது. அந்த ஆறை மும்மூன்றாக இரண்டு தரமும் எண்ணலாம், இவ்விரண்டாக மூன்று தரமும் எண்ணலாம். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும்போதுதான் கால் தானாக எழும்.

"மாமா, இதை ரண்டாய் எண்ணுறதோ, மூண்டாய் எண்ணுறதோ?" என்று தம்பி கேட்டான்.

தபேலாக் கலைஞர் அவனைப் பார்த்துச் சொன்னார்: "எண்ணாதை தம்பி. எழும்பி ஆடிப் பார்."

அன்றைய ஒத்திகையில் ட்றம்ஸ் அடித்ததைவிட ஆடியதே அதிகம். இடைவேளையில் அவன் ஒரு கதை சொன்னான். 1964 ஆம் ஆண்டு யூன் 3 ஆம் நாள், பீற்றில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்ரார் தொண்டை நோயால் விழுந்துவிட, அன்று பிற்பகலே ஜிமி நிக்கொல் என்ற வேறொருவரை அழைத்து இலண்டனில் ஆறு பாடல்கள் ஒத்திகை பார்த்தார்களாம். அடுத்த நாளே அவர் எமக்கு அயலிலுள்ள கொப்பன்ஹேகனில் மேடையேறி வாசித்தாராம். மெல்பேணில் ரிங்கோ திரும்பி வரும்வரை அவரே சமாளித்தாராம். "அவருக்கு ஒரு நாள், எனக்கு நாலு மாதம்" என்று தம்பி பெருமூச்சு விட்டான். "அவரைப் பைலா அடிக்கச் சொல்லேல்லை" என்றார் தபேலாக்காரர். நாமும் சிரித்தோம். உள்ளுக்குள் வேறொன்றை எண்ணினோம். அந்த ரிங்கோவே 1962 ஆவணியிற் புதியவராக வந்தபோது, லிவர்ப்பூலின் பழைய இரசிகர்கள் முந்தியவரே வேண்டுமென்று கூச்சலிட்டார்கள். எமது சனம் கூச்சலிடாது. எழுந்து சாப்பாட்டு மேசைக்குப் போய்விடும்.

இனி எமது பாடகரைப் பற்றி ஒரு சொல். அவருக்கு வயது அறுபத்தேழு. எப்போதும் இரண்டு கட்டையிற் பாடியவர். கடந்த சில ஆண்டுகளாக மேற்சுரங்களில் குரல் பிசிறுகின்றது. ஒரு கட்டைக்கு இறக்குவோம் என்று நாம் ஒத்திகையில் மூன்று தடவை சொன்னோம். "சனத்துக்கு இரண்டு கட்டையிலை கேட்டுத்தான் பழக்கம்" என்று மறுத்துவிட்டார். நாம் அதற்குமேல் பேசவில்லை.

நிகழ்ச்சியன்று வெளியிலே கடுங்குளிர். தபேலாக்கள் போர்வையிற் சுற்றப்பட்டு வந்தன. சூடேற்றிய மண்டபத்தின் உலர்ந்த காற்றில் தோல் இறுகிச் சுருதி ஏறும் என்பதால், இரண்டு மணித்தியாலம் முன்பே அவற்றை மேடையில் வைத்துச் சுருதி சேர்த்தார்கள். மண்டபத்தில் ஏறத்தாழ முந்நூறு பேர். முன்வரிசையில் மாஸ்ரரின் துணைவியார்.

முதல் நான்கு பாடல்களும் பிழையின்றி நடந்தன என்பதைத் தவிர அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் பயந்து வாசித்தால் அப்படித்தான் வரும். ஐந்தாவது, பாடகரின் பாடல். அதற்கு முந்தியது புதிய பாடகியினுடையது. அவருடைய குரலுக்காகக் கீபோட்டில் ஒரு பொத்தானை அழுத்தி, சுருதியை இரண்டு அரைச்சுரம் கீழே இறக்கியிருந்தார்கள். மாஸ்ரர் அந்தப் பொத்தானைத் தொட்டதேயில்லை, எந்தக் கட்டையிலும் விரலாலேயே வாசிப்பார். பிள்ளை பொத்தானைத் திருப்பி வைக்க மறந்துவிட்டாள். முகப்பிசை அவள் கையில் ஒரு கட்டையிற் புறப்பட்டது. ஐந்தாவது தாளக்கட்டில் எமது கிற்றாரும் பேஸும் இரண்டு கட்டையில் நுழைந்தன. அந்தச் சத்தத்தை எழுத்தில் விவரிக்க முடியாது. பிள்ளையின் முகம் வெளிறியது. ஆனாலும் கை நிற்கவில்லை.

பாடகர் திரும்பிப் பார்த்தார். முந்திய காலமென்றால் அந்தப் பார்வையிலே ஆள் எரிந்துவிடும். அவர் பார்த்தது அவளை அல்ல, எம்மை. உள்ளங்கையைக் கீழ்நோக்கித் தாழ்த்திக் காட்டினார். நாம் இரண்டு கட்டம் இறங்கினோம். பேஸ் தம்பியும் இறங்கினான். தபேலாக்காரர் மடியிலிருந்ததை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுத்தார். ஒரு கட்டைக்குச் சுருதி சேர்த்த தபேலா அவருடைய காலடியில் ஏற்கனவே இருந்தது. அது ஏன் அங்கே இருந்தது என்று நாம் இன்றுவரை கேட்கவில்லை. பாடகர் அந்தப் பாடலை அன்று பாடியதுபோல் பத்து வருடங்களாகப் பாடவில்லை. மேற்சுரத்தில் பிசிறே இல்லை. சனம் கைதட்டியது. வேண்டுமென்றே செய்தாயா என்று பின்னர் பிள்ளையைக் கேட்டோம். இல்லை என்று அழுதாள், பிறகு சிரித்தாள்.

கதம்பம் இரவு பத்தேமுக்காலுக்குத் தொடங்கியது. இரண்டாவது பாடலிற் கதிரைகள் ஒதுங்கின. தம்பியின் கால் பெரிய மேளத்தை மிதிக்க, தோள்கள் வேறொரு கணக்கில் ஆடின. சிறுவர்கள் மேடையின் அருகே வந்துவிட்டார்கள். அந்த எட்டுத் தாளக்கட்டு வந்தபோது, பிள்ளை தானாக அமைத்த ஒன்றை வாசித்தாள். நான்கு பேருக்கும் பிடித்திருந்தது என்று ஒத்திகையில் விட்டுக்கொடுத்திருந்தோம். எமது காதுக்கு அது கொஞ்சம் நோர்வேத்தனமாகவே பட்டது. எழுதிவிட்டோம், அவள் கோபிக்கமாட்டாள்.

நிகழ்ச்சி முடிந்து கம்பிகளைச் சுற்றிக்கொண்டிருந்தபோது மாஸ்ரரின் துணைவியார் பிள்ளையிடம் வந்தார். "அது அவர் வாசிக்கிறது இல்லை, மோனை" என்றார். பிள்ளை விழித்தாள். அவர் மேலங்கியை ஒரு கையிற் போட்டபடியே, அந்த எட்டுத் தாளக்கட்டையும் மெல்ல முணுமுணுத்தார். முப்பது வருடம் வரவேற்பறையிற் கேட்ட ஒத்திகை. எந்த நாடாவிலும் நாம் தேடிக் கிடைக்காதது. அவரிடம் கேட்கவேண்டுமென்று எம் எழுவரில் எவருக்குமே தோன்றவில்லை. பிள்ளை பாடல் பட்டியலின் பின்புறத்தில் ஐந்து கோடு கீறி எழுதிக்கொண்டாள்.

அடுத்த நிகழ்ச்சியில் எதை வாசிப்பது என்பதில் இப்போது குழுவிற் பிளவு. பாடகரும் நாமும் மாஸ்ரரினதை என்கிறோம். ட்றம்ஸ் தம்பியும் தபேலாக்காரரும் பிள்ளையினதை என்கிறார்கள். மாஸ்ரரின் துணைவியாரைக் கேட்டால், இரண்டையும் வாசியுங்கள், என்ன அவசரம் என்கிறார். பதினாறு தாளக்கட்டுக்கு ஆடுபவர்களின் கால் ஓய்ந்துவிடுமே என்பது தம்பியின் கவலை.

கொப்பியின் பின்பகுதியில் எமது சொந்தப் பாடல்கள் மூன்று உள்ளன. அவற்றுக்கு மெட்டு உண்டு, இடையிசைகள் யாவும் 'வழமைபோல்'தான். 1995 ஆம் ஆண்டுக்கும் 2004 ஆம் ஆண்டுக்கும் இடையில் எம்மை அழைத்து விழா நடத்திய குடும்பங்களிடம் அன்றைய வீடியோ நாடாவோ கசெற்றோ இருப்பின், இப்பத்திரிகை மூலம் எமக்கு அறியத் தாருங்கள். படம் பழுதாகியிருந்தாலும் பரவாயில்லை. பிரதி எடுத்துக்கொண்டு நாடாவைப் பத்திரமாகத் திருப்பித் தருவோம்.