வாலிகண்டபுரத்து ஓட்டமும் கயிற்றுப் பயிற்சியும்

வாலிகண்டபுரத்தை வாலீசுவரர் ஆலயத்திற்காக அறிந்தோர் பலர். 1751-இல் ஆங்கிலக் கம்பெனியின் வெள்ளைப் பட்டாளம் அவ்வூரில் புறமுதுகிட்டோடிய வரலாற்றை அறிந்தோர் சிலரே.

நவாப் முகம்மதலிக்குத் துணையாக வந்த அப்பட்டாளம், சந்தா சாகிபையும் பிரெஞ்சுக்காரரையும் எதிர்த்து நின்ற போரில் திடீரெனக் கலகலத்துப் போயிற்று. தளபதி ஜிஞ்ஜனும் டால்டனும் கிளைவும் தடுத்துப் பார்த்தனர். நவாபின் சகோதரர் அப்துல் வகாப், தம் வீரர்கள் நிற்பதைச் சுட்டிக்காட்டி இடித்துரைத்தார். ஒன்றும் பலிக்கவில்லை. கம்பெனியின் ஆப்பிரிக்க வீரர்களே பின்னின்று, இறந்தோரையும் காயமுற்றோரையும் எடுத்து வந்தனர். இதனை எழுதி வைத்தவர் ஓர்ம் என்னும் ஆங்கிலச் சரித்திரக்காரர். சாட்சி அவர்கள் தரப்பினதே.

ஓடியவர்கள் பிறவிக் கோழைகளா? அவ்வாண்டிலேயே அதே கம்பெனியின் சிறுபடை ஆர்க்காட்டில் 50 நாள் முற்றுகையைத் தாங்கிற்று. அப்படையில் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்கள் என்பதையும் சொல்லிவிடுவோம். பக்கத்திலிருப்பவன் நிற்பானோ ஓடுவானோ என்ற ஐயம் புகுந்தால் தைரியசாலியின் காலும் பெயர்ந்துவிடும்.

அவ்வையத்தைப் போருக்கு முன்பே போக்குவதற்குக் கயிறு உதவுகிறது. 1942-இல் ஸ்காட்லாந்தின் ஆக்னகாரியில் தொடங்கிய கமாண்டோப் பயிற்சி நிலையத்தில் ஒவ்வொருவனிடமும் ஒரு சிறு கயிறு இருந்தது; ஒரு முனையில் கண்ணி, மறு முனையில் கட்டை. தனிக் கயிற்றால் ஓடையைக் கடக்க இயலாது. பலருடைய கயிறுகளையும் கோத்தால் பாலமாகும். அப்பாலத்தில் ஒருவன் பதறினால் எல்லோரும் ஆடுவர்.

நம் ராணுவத்திற்கு அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியமும் இம்முறையைக் கையாளுகிறது. ஒரு பலகை, ஒரு கட்டை, ஒரு கயிறு. இவற்றைக் கொண்டு குழு முழுவதும் தரை தொடாமல் கடக்க வேண்டும். பலகையின் பின்முனையில் ஒருவன் பாரமாக நின்றால்தான் முன்முனையில் மற்றொருவன் அடியெடுத்து வைக்கலாம். நிற்பவனுக்குக் கைதட்டல் கிடையாது. அவன் விலகினாலோ முன்னவன் விழுவான். இதைச் சர்க்கஸ் வித்தையென்று எள்ளுவோர் ஒருமுறை அப்பலகையில் ஏறிப் பார்க்கட்டும்.

ஆனால் சிப்பாயாகச் சேர வரும் கிராமத்து வாலிபனுக்கு வைக்கப்படும் தேகப் பரீட்சை என்ன? 1.6 கிலோமீட்டர் ஓட்டம், 9 அடிப் பள்ளம் தாண்டுதல், கம்பியில் தொங்கி எழும்புதல். யாவும் தனியொருவன் திறமையே. பெரம்பலூர்ப் பக்கத்து வாலிபர்கள் விடியற்காலையில் சாலையோரம் தனித்தனியே ஓடிப் பழகுவதில் வியப்பில்லை.

சில கட்டைகள், உறுதியான கயிறு, அடியில் ஒரு வலை, மேற்பார்வைக்கு ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர்: இவை போதும். மாவட்ட விளையாட்டு அதிகாரிகள் வாலிகண்டபுரத்திலேயே இதனைத் தொடங்கலாம்.